ட்ரைரீம் கடல்போரை கேமில் மெய்க்கு அருகில் கொண்டுவருவது எப்படி

பழைய கிரேக்கத்தைக் களமாகக் கொண்ட கேம்களில் கடல்போர் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே தீ அம்பு பொழியும், ஹெல்த் பார் குறையும், கடைசியில் ஒன்று நடுவே பிளந்து மூழ்கும். உண்மையில் அது 18ஆம் நூற்றாண்டின் பீரங்கிக் கப்பல் போர். பீரங்கி இருந்த இடத்தில் அம்பை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ட்ரைரீம், அதாவது மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல், வேறு இனம். அங்கே கப்பலே ஆயுதம்: முன்னால் உள்ள வெண்கல இடிமுனையால் எதிரியை முட்டுவதுதான் போர். அந்த ஆயுதத்துக்கு வெடிமருந்து 170 துடுப்பாளரின் மூச்சு. மூச்சு தீர்ந்த கப்பலின் பலகை எவ்வளவு திடமாக இருந்தாலும் அது மிதக்கும் இலக்குதான்.

ஆகவே இருக்கும் கேமை மாற்றியமைக்கும் மாட் செய்பவரோ சொந்தமாக கேம் எழுதுபவரோ முதலில் மாற்ற வேண்டியது படங்களை அல்ல, ஹெல்த் பாரை. கப்பலுக்கு ஒன்று, துடுப்பாளருக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வேண்டும். போரைத் தீர்மானிப்பது இரண்டாவது கணக்காக இருக்க வேண்டும். கீழே வரும் எண்களில் வரலாற்று அளவுகள் எவை, சோதித்துத் திருத்தவேண்டிய தொடக்க மதிப்புகள் எவை என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறோம்.

கப்பலின் அடிப்படை அளவுகள்

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில், ஸேயா குடாவில், ட்ரைரீம்களை நிறுத்திய கொட்டகைகளின் அடித்தளங்கள் கிடைத்துள்ளன. கப்பல் அவற்றுக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால் உச்ச அளவு தெரிகிறது: நீளம் சுமார் 37 மீட்டர், அகலம் 6 மீட்டருக்குள். இந்தக் கணக்கில் கட்டி 1987இல் கடலில் இறக்கிய மறு ஆக்கம்தான் ஒலிம்பியாஸ். 1987 முதல் 1994 வரை அது பலமுறை கடலில் சோதிக்கப்பட்டது. கேமுக்குத் தேவையான வேகம், திருப்பம் பற்றிய எண்களுக்கு அதைவிட நல்ல ஊற்று இல்லை.

நீளம் 37 மீட்டர், அகலம் 5.5 மீட்டர், முழு ஆளோடு எடை 45 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் 200 பேர். துடுப்பாளர் 170: மேலடுக்கில் 62, நடுவில் 54, கீழே 54. தளத்தில் கவச வீரர் 10, வில்லாளர் 4. மீதி 16 பேரில் கப்பல் தலைவர், சுக்கான் பிடிப்பவர், துடுப்பு ஆணையர், முன்முனைக் காவலர், குழல் ஊதுபவர், தச்சர், பாய் கட்டும் மாலுமிகள் எல்லாரும் அடக்கம்.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். 'மூன்றடுக்கு' என்பதை ஒரு துடுப்புக்கு மூன்று பேர் என்று புரிந்துகொண்டு 3டி மாடல் செய்துவிடுகிறார்கள். ட்ரைரீமில் ஒரு ஆளுக்கு ஒரு துடுப்பு. துடுப்பின் நீளம் 4 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரே துடுப்பைப் பலர் இழுப்பது பின்னால் வந்த பெரிய கப்பல்களின் வேலை. காலில் சங்கிலியும் வேண்டாம், முரசும் வேண்டாம். ஏதென்ஸின் துடுப்பாளர்களில் பெரும்பகுதி கூலி வாங்கிய ஏழைக் குடிமக்களும் குடியேறியவர்களும், அடிமைகளும் இருந்ததுண்டு. தாளம் கொடுத்தது இரட்டைக் குழல். முரசை எடுத்துவிட்டுக் குழலையும் ஆணையரின் குரலையும் வைத்தாலே காட்சியின் மணம் மாறிவிடும்.

இன்னொரு நுட்பம்: தன் துடுப்பின் நுனி தண்ணீரில் படுவதைக் கண்ணால் பார்க்கக்கூடியவர் மேலடுக்குக்காரர் மட்டுமே. கீழே இருக்கும் 108 பேர் காதால்தான் துடுப்பு வலிக்கிறார்கள். எனவே பொத்தானை அழுத்திய கணமே கப்பல் திரும்பக் கூடாது. பயின்ற குழுவுக்கு 1 நொடி, புதுக் குழுவுக்கு 3 நொடி தாமதம் வைத்துப் பாருங்கள். ஏதெனியருக்கும் மற்றவருக்கும் இருந்த திறமை வேறுபாட்டை 'தாக்குதல் +10' என்று எழுதுவதைவிட இந்த 2 நொடி நன்றாகச் சொல்லிவிடும்.

மூச்சைக் கணக்கிடுதல்

ஒலிம்பியாஸ் எட்டிய உச்ச வேகம் ஏறத்தாழ 9 நாட், அதாவது மணிக்கு 16 முதல் 17 கிலோமீட்டர். அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. பாதிப் பேர் ஓய்வெடுக்க, பாதிப் பேர் வலித்தால் 4 நாட் அளவில் நெடுநேரம் போகலாம். இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் உங்கள் ஸ்டாமினா வளைவு முழுவதும் அமைய வேண்டும்.

தொடக்க மதிப்பாக மொத்த மூச்சு 100 என்று வையுங்கள்.

- பாதிக் குழு, 4 நாட்: இழப்பு இல்லை.
- முழுக் குழு, 5 முதல் 6 நாட்: நிமிடத்துக்கு 1.
- முட்டுப் பாய்ச்சல், 9 நாட்: நிமிடத்துக்கு 25. நான்கே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
- பின்னோக்கி வலித்தல், 3 நாட்: நிமிடத்துக்கு 8.
- துடுப்பு தூக்கி ஓய்வு: நிமிடத்துக்கு 5 மீளும்.

ஒரு முழுப் பாய்ச்சலை ஈடுசெய்ய 20 நிமிடம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரு போரில் ஆட்டக்காரருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நல்ல பாய்ச்சல்தான் கிடைக்கும். 'போர் மெதுவாக இருக்கிறது' என்று சோதனையாளர்கள் குறைசொன்னால் நேரத்தை 4 மடங்கு வேகமாக ஓட விடுங்கள். இந்த விகிதத்தை மட்டும் தொடாதீர்கள். ஓய்வு நேரத்தைக் குறைத்த மறுநொடியே எல்லாரும் முழு வேகத்தில் சுற்றிச்சுற்றி வருவார்கள், வியூகம் என்ற ஒன்றே இருக்காது.

சோர்ந்த குழுவின் வேகத்தைப் பாதியாக்குவது இன்னொரு பொதுவான பிழை. தண்ணீரில் ஒரு கப்பலைத் தள்ளத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். திருப்பிப் பார்த்தால், திறன் பாதியானாலும் வேகம் 79 சதவீதம் நிற்கும்: 9 நாட் 7.1 ஆகும், 4.5 ஆகாது. சோர்வு முதலில் வெட்ட வேண்டியது உச்ச வேகத்தை அல்ல, முடுக்கத்தையும் திருப்பத்தையும். நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்கச் சோராத குழுவுக்கு அரை நிமிடம், மூச்சு 30க்குக் கீழே போனவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் சரியாக உணர்த்தும்.

திருப்பத்துக்கு ஒலிம்பியாஸின் எண் கையில் இருக்கிறது: 180 பாகை திரும்ப ஏறத்தாழ ஒரு நிமிடம், வளைவின் அகலம் இரண்டரைக் கப்பல் நீளம். அதாவது சுமார் 92 மீட்டர். பல கேம்களில் கப்பல் நின்ற இடத்திலேயே பம்பரம் சுற்றும். சிலவற்றில் எண்ணெய்க் கப்பல் போல முக்கால் கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டும் தவறு.

முட்டல்

முட்டலின் சேதத்தை முட்டும் கப்பலின் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதுதான் இந்தத் துறையின் மூலப் பாவம். எடுக்க வேண்டியது சார்பு வேகம். அதிலும் எதிரியின் பக்கச்சுவருக்குச் செங்குத்தான கூறு மட்டும். அதை இருமடியாக்குங்கள். சேதம் அதற்கு நேர்விகிதம்.

எதிரி 6 நாட்டில் ஓடுகிறது, நீங்கள் 9 நாட்டில் பின்னாலிருந்து நேராகப் போய் முட்டுகிறீர்கள். சார்பு வேகம் 3 நாட். அசையாத கப்பலை அதே வேகத்தில் முட்டுவதோடு ஒப்பிட்டால் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு. பின்முனையில் ஒரு கீறல், அவ்வளவே.

பக்கவாட்டில், சரியாக 90 பாகையில் முட்டினால் செங்குத்துக் கூறு முழு 9 நாட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதிரி 6 நாட்டில் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் இடிமுனை அதன் வயிற்றில் மாட்டியிருக்க, அது உங்கள் மூக்கைப் பிடித்து முறுக்குகிறது. முனை கழன்றுபோகலாம்.

இப்போது பின்புறமாகச் சாய்ந்து வாருங்கள்: இரு கப்பல்களின் திசைக்கும் இடையே 60 பாகை. செங்குத்துக் கூறு 7.8 நாட், ஆற்றல் நான்கில் மூன்று பங்கு. எதிரியின் ஓட்டத் திசையில் உங்கள் வேகம் 4.5, முறுக்கும் வேகம் 6இலிருந்து 1.5 நாட்டுக்கு இறங்கிவிட்டது. கால் பங்கு சேதத்தைக் கொடுத்து உங்கள் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். இரண்டு விதிகள் போதும்: செங்குத்துக் கூறின் இருமடி எதிரிக்குச் சேதம், இணைக்கூறின் வேறுபாடு 4 நாட்டைத் தாண்டினால் முட்டியவருக்கே சேதம். நல்ல சுக்கான்காரர் ஏன் பின்பக்கவாட்டைத் தேடினார் என்பதை ஆட்டக்காரர் யாரும் சொல்லாமலே கண்டுகொள்வார்.

இடிமுனையின் வடிவத்தையும் சரிபாருங்கள். ஈட்டி போலக் கூராக வரைவது தவறு. வெண்கல உறை, முன்னால் மொட்டையாக, கிடையாக மூன்று தகடுகள். ஆழமாகக் குத்துவது அதன் நோக்கமல்ல. அப்படிக் குத்தினால் மாட்டிக்கொள்ளும். பலகைகள் முளையும் துளையுமாகப் பிணைத்துக் கட்டிய கப்பல் அது. ஒரு பெரிய அடி அந்தப் பிணைப்புகளை நெடுக விரித்துவிடும், தண்ணீர் தானே வரும். 1980இல் இஸ்ரேலின் அத்லித் அருகே கடலடியில் கிடைத்த இடிமுனை 2.26 மீட்டர் நீளம், 465 கிலோ. மாடல் செய்வோர் பலர் அதை அப்படியே ட்ரைரீமுக்கு மாட்டிவிடுகிறார்கள். அது அலெக்சாண்டருக்குப் பிந்தைய ஹெலனிஸக் காலத்துப் பெரிய கப்பலுடையது. ட்ரைரீமுக்கு அதைவிடச் சிறியதாகச் செய்யுங்கள்.

முட்டியபின் பின்வாங்குவதுதான் பாதி வேலை. பெரும்பாலான கேம்கள் இதை மறந்துவிடுகின்றன. மோதியதும் எதிரி ஒதுங்கிவிடும், நீங்கள் நேரே போகலாம். அதை விட்டு, மோதிய 3 நொடிக்குள் பின்வலிப்பு ஆணை வந்தால் விடுபடும், தவறினால் மாட்டிக்கொள்ளும் என்று வையுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் ஆட்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள்; ஏறி வருவார்கள். புதுக் குழுவுக்கு நாம் வைத்த 3 நொடித் தாமதம் இங்கே கழுத்தைப் பிடிக்கும். பிடிக்கட்டும்.

நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு மோதுவதற்குத் தனி விதி வேண்டும். ஏதெனிய முறையில் அது சுக்கான்காரரின் அறியாமைக்கு அடையாளம். அவர்களின் அணியம், அதாவது முன்முனை, இலேசானது. இரு தரப்புக்கும் சமமாகச் சேதம் கொடுங்கள். ஆனால் கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தார் அணியத்தைக் குட்டையாக்கி, இருபுறமும் துருத்தும் கட்டைகளைத் தடிப்பாக்கி, துறைமுகத்தின் குறுகிய நீரில் வேண்டுமென்றே மூக்கில் மோதினார்கள். சுற்றிவர இடமில்லாத ஏதெனியர் அங்கே தோற்றார்கள். இதை ஒரு மேம்பாடாகக் கொடுக்கலாம்: நேர்மோதலில் சேதம் எதிரிக்கு மட்டும், பதிலுக்கு வேகத்தில் கொஞ்சம் இழப்பு. திறந்த கடலில் பயனற்றதாகவும் ஒடுங்கிய நீரில் கொல்வதாகவும் அது இருந்தால் எண் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.

மூழ்காத கப்பல்கள்

ட்ரைரீம் மரம், அடியில் பாரம் ஏதும் பெரிதாக இல்லை. ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிறைந்து, நீர்மட்டத்தில் அரைகுறையாக மிதந்துகொண்டு கிடக்கும். வென்றவர்கள் அந்தக் கூட்டைக் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். பழைய நூல்களில் 'மூழ்கியது' என்று மொழிபெயர்க்கப்படும் இடங்கள் பலவும் இந்த நிலையைத்தான் சொல்கின்றன. இன்றுவரை ஒரு ட்ரைரீமின் உடலும் கடலடியில் கிடைக்காததற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

கேமில் இதற்கு மூன்று நிலை வேண்டும்: ஓடுவது, நீர் நிறைந்தது, கைப்பற்றப்பட்டது. இரண்டாவது நிலையில் கப்பல் மறையக் கூடாது. அது களத்தில் தடையாகக் கிடக்க வேண்டும், அதில் இருநூறு பேர் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். போர் முடியும்போது களம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கூடுகளும் ஆட்களும். இது வெறும் அலங்காரம் அல்ல. கி.மு. 406இல் அர்கினூசேயில் ஏதென்ஸ் பெருவெற்றி பெற்றது. ஆனால் இழந்த 25 கப்பல்களின் ஆட்களைப் புயலால் மீட்க முடியவில்லை. அதற்காக எட்டுத் தளபதிகளுக்குத் தண்டனை விதித்தார்கள். நாடு திரும்பிய ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். போர் வென்றபின் 'துரத்துவதா, மீட்பதா' என்று ஒரு தேர்வை வைத்து, அதன் விளைவை ஊரில் காட்டும் கேம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. செய்பவருக்கு இடம் காலியாக இருக்கிறது.

தளத்து வீரர், அம்பு, நெருப்பு

14 பேர் ஆயுதம் தாங்கும் கப்பலில் அம்பு மழை வராது. வில்லாளரின் சேதத்தைக் கப்பல் உடலிலிருந்து முற்றாக எடுத்துவிட்டு, தளத்தில் இருப்போர் மீது மட்டும் போடுங்கள். அதிலும் பின்முனையில் வெளிப்பட உட்கார்ந்திருக்கும் சுக்கான்காரர் மீது பட்டால் 20 நொடி கப்பல் நேராக ஓடட்டும். நான்கே வில்லாளருக்கு மதிப்பு வர இது ஒன்றே போதும்.

தளத்து வீரர் எண்ணிக்கை தரப்புக்குத் தரப்பு மாறும். ஏதென்ஸுக்கு 10. கி.மு. 494இல் லாடே போரில் கியோஸ் தீவினரின் கப்பல்களில் 40 பேர். பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸின் கடற்படையில் கப்பலுக்குக் கூடுதலாக 30 பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஆள் கூடினால் ஏறிப் போரிடும் பலம் கூடும். தளம் தலைபாரமாகி, ஆட்டம் கூடி, துடுப்பின் ஒழுங்கு கெடும். ஒரு பக்கமாகச் சிலர் நடந்தாலே கப்பல் சாயும். அதனால் ஈட்டியை உட்கார்ந்துகொண்டே எறிய வேண்டும்; ஏதெனியக் கப்பல்களில் ஏற்றிய தரைவாசிகளுக்கு அது தெரியாது என்று சிரக்கூஸ் போரில் எதிர்த்தரப்பு சொன்னதாக வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். முட்டுப் பாய்ச்சலின்போது வீரர்கள் எழுந்து நடந்தால் வேகத்தில் 10 சதவீதம் கழித்துவிடுங்கள். கி.மு. 433இன் சிபோட்டா போரில் இருதரப்பும் தளம் நிறைய ஆளை ஏற்றி, கப்பலைக் கப்பலோடு சேர்த்துத் தரைப்போர் போலவே அடித்துக்கொண்டார்கள். அது பழைய பாணி. ஆட்டக்காரர் அப்படியும் ஆட முடியவேண்டும், ஆனால் அது விலை கூடிய வழியாக இருக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றி ஒரே வரி: கிரேக்க நெருப்பு கி.பி. 7ஆம் நூற்றாண்டு பைசாந்தியத்துடையது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டா தரப்பும் மோதிய பெலப்பொனேசியப் போரில் நெருப்பு வேண்டுமென்றால் கி.மு. 413இல் சிரக்கூஸ் செய்ததைச் செய்யுங்கள்: பழைய சரக்குக் கப்பலில் சுள்ளியும் பைன் விறகும் நிரப்பி, கொளுத்தி, காற்றோடு விட்டார்கள். ஏதெனியர் அதை அணைத்து ஒதுக்கியும்விட்டார்கள். கவண்பொறியும் அப்படியே: சிரக்கூஸில் அது கி.மு. 399 வாக்கில்தான் உருவாகிறது, கப்பலில் ஏறுவது அலெக்சாண்டர் காலத்தில். ரோமரின் இறங்குபாலம் கி.மு. 260. கி.மு. 431இல் நடக்கும் கேமில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அகற்றுங்கள்.

வியூகமும் கணினி எதிரியும்

கணினி எதிரிக்கு மூன்று அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஊடுருவல் (தியெக்ப்ளூஸ்): எதிரி வரிசையின் இடைவெளியில் புகுந்து, பின்னால் போய்த் திரும்பி, முதுகில் முட்டுவது. சுற்றிவளைப்பு (பெரிப்ளூஸ்): வரிசையின் ஓரத்தைத் தாண்டிப் போய்ப் பக்கவாட்டைப் பிடிப்பது. வட்டம் (கிக்ளோஸ்): பின்முனைகள் உள்ளே, அணியங்கள் வெளியே என்று முள்ளம்பன்றி போல நிற்பது.

துடுப்பு விரிந்த ட்ரைரீமின் அகலம் உடலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே வரிசையில் இரு கப்பல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 25 மீட்டருக்குக் குறைத்தால் துடுப்புகள் சிக்கும். 50ஐத் தாண்டினால் ஊடுருவ அழைப்பு வைத்த மாதிரி. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே வரிசையைப் பிடித்து வைப்பதே தலைவரின் வேலை. ஊடுருவலுக்கு மாற்று, இரண்டாவது வரிசை. அர்கினூசேயில் ஏதென்ஸ் தன் குழுக்களை நம்பாமல் இரட்டை வரிசையில் நின்றது. நல்ல பயிற்சி பெற்றிருந்த ஸ்பார்ட்டா தரப்பு ஊடுருவ எண்ணி ஒற்றை வரிசையில் வந்தது. 'எதிரியின் திறமை என்னதைவிடக் கூடுதல் எனில் இரட்டை வரிசை' என்று ஒரு நிபந்தனை எழுதினால் கணினி எதிரி திடீரென்று அறிவாளியாகத் தெரிவான்.

துடுப்பை உரசி முறிக்கும் காட்சி திரையில் அழகு. ஆனால் உரசும் கணத்தில் உங்கள் துடுப்பும் வெளியேதான் இருக்கிறது; அதை முன்கூட்டியே இழுக்காவிட்டால் இருதரப்பும் முறியும். இதை எளிதாக்கினால் ஆட்டக்காரர் வேறெதுவும் செய்யமாட்டார். நேரம் தவறினால் இருவருக்கும் சேதம் என்றே விடுங்கள்.

தப்பிப்பது பற்றியும் கணினி எதிரி அறிந்திருக்க வேண்டும். முதுகைக் காட்டி ஓடுபவன் முட்டப்படுவான். கி.மு. 427இல் கோர்சைராவில் 12 ஏதெனியக் கப்பல்கள் அணியத்தை எதிரிக்குக் காட்டியபடியே பின்னோக்கி வலித்துத் தப்பின. அந்த 3 நாட் பின்வலிப்பு இல்லாத கேமில் பின்வாங்கல் என்பதே கிடையாது, சிதறி ஓடுதல்தான் உண்டு.

காற்று

ட்ரைரீமின் கீழடுக்குத் துடுப்புத் துளைகள் நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் அளவில்தான் இருந்தன. தோல் உறை போட்டுத் தண்ணீரைத் தடுத்தார்கள். அலை ஒரு மீட்டரை நெருங்கும்போது துடுப்பின் ஒழுங்கு குலையும். அலை உயரத்தை வானிலைப் படமாக மட்டும் வைக்காமல் மூச்சு இழப்பின் பெருக்கியாக வையுங்கள்: அரை மீட்டரில் 1.3, ஒரு மீட்டரில் 2. புதுக் குழுவுக்கு இன்னும் கூட.

பாய் போருக்கு உரியதல்ல. போருக்குமுன் பெரிய பாயைக் கரையில் விட்டுவிடுவது வழக்கம். கி.மு. 405இல் ஏகோஸ்பொட்டமியில் ஏதெனியக் கடற்படை பிடிபட்டபோது தப்பிய அதன் தளபதி கோனோன், ஓடும் வழியில் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் கரையில் விட்டிருந்த பெரிய பாய்களைக் கைப்பற்றிக்கொண்டு போனார், துரத்த வழியில்லை. போர் தொடங்கும் திரையில் 'பாயை இறக்கி வைக்கவா?' என்று ஒரு பொத்தான்: வைத்தால் கப்பல் இலேசு, தோற்றால் தப்ப முடியாது.

கரையும் காசும்

படையெடுப்புப் படத்தில் கடற்படையை ஒரு பொம்மையாக நகர்த்தும் கேம்களில் தவறு இங்கே குவிகிறது. 200 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா (வெள்ளி நாணயம்) என்றால் 30 நாளில் 6,000 டிராக்மா, அதாவது சரியாக ஒரு டாலன்ட். கி.மு. 415இல் ஏதென்ஸின் உதவி கேட்ட சிசிலியின் எகெஸ்டா நகரத்தார் 60 கப்பலுக்கு ஒரு மாதக் கூலியாக 60 டாலன்ட் வெள்ளி கொண்டுவந்தது இந்தக் கணக்கில்தான். கட்டும் செலவைவிட ஓட்டும் செலவே ஆட்டக்காரரை வாட்ட வேண்டும்.

தண்ணீர்: வலிக்கும் ஆளுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். 170 பேர் 8 மணி நேரம் என்றால் 1,360 லிட்டர், ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை. ஆகவே ஒவ்வொரு இரவும் கரை. கரையிலிருந்து ஒரு நாள் ஓட்டத்துக்கு அப்பால் ட்ரைரீம் அணி போகக் கூடாது என்ற ஒரே விதி, எங்கே கடற்கரை யாருடையது என்ற கேள்வியை உயிரோடு கொண்டுவந்துவிடும். கரையில் இருக்கும்போது தாக்கப்படும் வாய்ப்பும் வேண்டும்: ஏகோஸ்பொட்டமியில் 180 ஏதெனியக் கப்பல்களில் பெரும்பாலானவை ஆட்கள் சாப்பாடு தேடிப் போயிருந்தபோது பிடிபட்டன.

கப்பலைக் கரையேற்றி உலர்த்தாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனக்கும். கி.மு. 414இல் சிரக்கூஸிலிருந்து ஏதெனியத் தளபதி நிக்கியாஸ் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புலம்பல் இருக்கிறது. தொடர்ந்து கடலில் கிடந்தால் மாதத்துக்கு உச்ச வேகத்தில் 3 சதவீதம் குறையட்டும். இரண்டு வாரம் கரையேறினால் மீளட்டும்.

மாட் செய்யாமல் ஆடுபவர்களுக்கு

அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸியில் உங்கள் கப்பலான அட்ரெஸ்டியாவை ஓட்டும்போது நெருப்பைத் தொடாமல், அம்பைக் குறைத்து, முட்டலையும் ஏறிப் போரிடுவதையும் மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். கப்பலை இரண்டாகப் பிளக்கும் காட்சியை மாற்ற முடியாது, கண்ணை மூடிக்கொள்ளலாம். டோட்டல் வார்: ரோம் 2இல் தரைப்படை தானாகவே கப்பலேறிக்கொள்ளும் வசதியைத் துணைக் கப்பல் இல்லாமல் பயன்படுத்துவதில்லை, ஒவ்வொரு சுற்றையும் கரையோரத்தில் முடிப்பது என்று நீங்களே விதி போட்டுக்கொண்டால் படையெடுப்பு வேறு ஆட்டமாகிவிடும். ஏஜ் ஆஃப் மித்தாலஜியில் ட்ரைரீம் அம்பு எய்கிறது, அதைவிடப் பழைய, ஐம்பது துடுப்புப் பென்டிகோன்டர் முட்டுகிறது. இதற்கு மருந்து இல்லை, சிரித்துவிட்டு ஆடலாம். 0 ஏ.டி. திறந்த மூல கேம். அதன் கப்பல் மதிப்புகள் எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருப்பதால் வேகம், விலை, ஆள் எண்ணிக்கை போன்றவற்றைக் குறியீடு எழுதாமலே மாற்றலாம். கோண வாரியான முட்டல் சேதத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் கை வைக்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு போர்

எண்களை எல்லாம் போட்டபின் கி.மு. 429இன் ரியோன் போரை ஓடவிடுங்கள். ஒரு பக்கம் தளபதி ஃபோர்மியோவின் 20 ஏதெனியக் கப்பல்கள். மறுபக்கம் 47 பெலப்பொனேசியக் கப்பல்கள், வட்டமாக, அணியம் வெளியே. வட்டத்துக்குள் சிறு படகுகளும், உதவிக்கு ஐந்து சிறந்த கப்பல்களும். ஏதெனியர் ஒற்றை வரிசையில் வட்டத்தை உரசுவது போலச் சுற்றிவரட்டும், ஆணை வரும்வரை முட்டக் கூடாது. வைகறையில் குடாவிலிருந்து காற்றை எழுப்புங்கள்.

காற்று வருமுன் தாக்கினால் ஏதெனியர் தோற்க வேண்டும். 47 அணியங்களுக்கு எதிரே 20 கப்பலுக்கு வேலை இல்லை. காற்று வந்து சில நிமிடங்களில் வட்டத்துக்குள் கப்பலோடு கப்பல் இடிக்க வேண்டும், ஆட்கள் கழியால் தள்ளிவிட வேண்டும், புதுக் குழுக்களின் துடுப்பு அலையிலிருந்து எழாமல் சிக்க வேண்டும். அப்போது ஆணை கொடுங்கள். வரலாற்றில் ஃபோர்மியோ 12 கப்பல்களைப் பிடித்தார். உங்கள் ஓட்டத்தில் 8 முதல் 16 வந்தால் நன்று. ஒன்றுமே வரவில்லை என்றால் அலைப் பெருக்கி போதாது, அல்லது வட்டத்துக் கப்பல்கள் ஒன்றை ஒன்று ஊடுருவிக் கடந்துகொண்டிருக்கின்றன. தன் தரப்புக் கப்பல்களுக்குள் மோதல் கணக்கு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முப்பதுக்கு மேல் வந்தால் தப்பி ஓடும் கப்பல்களுக்குப் பின்வலிப்பு வேலை செய்யவில்லை, அல்லது ஏதெனியரின் மூச்சு தீரவே இல்லை. சுற்றிவரும்போது அவர்கள் 4 நாட்டில் வந்தார்களா, 9 நாட்டிலா என்று பதிவேட்டில் சரிபாருங்கள்.